‘முகம்கூடப் பார்க்காத பிள்ளைக்கா இவ்வளவு அழுகை?’ என்கிறார்கள்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு மாதங்களுக்கு முன், 36-ஆவது வாரத்தில், வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஸ்கேனில் துடிப்பு இல்லை. மறுநாள் பெண் குழந்தை இறந்து பிறந்தது. ‘பெற்றவள் பார்க்கக் கூடாது’ என்று பெரியவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆண்கள் நான்கு பேர் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மாமியார் மல்லிகைப்பூ வாங்கிவந்து மூன்று இரவும் மார்பில் வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார். “ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை” என்பது இவருடைய வருத்தம்.

அதற்கு நான்கு மாதம் முன்புதான் மாமனார் தவறியிருந்தார். அவருக்குப் பதினாறாம் நாள் காரியம், படத்திறப்பு எல்லாம் நடந்தன. துக்கம் விசாரிக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். “என் மகளுக்காக ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் அத்தையிடம்தான் உட்கார்ந்தார்கள். என்னிடம், அசைவு குறைந்தது உனக்குத் தெரியவே இல்லையா என்று மட்டும் கேட்டார்கள்.” கணவர் அழவில்லை, வேலை முடிந்து நேரங்கழித்து வருகிறார். குழந்தையின் படம் ஒன்று அவருடைய போனில் இருப்பதாக நாத்தனார் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள்.

துணை தேடி இவர் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறார். ஒன்று, இப்படிக் குழந்தையை இழந்த தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு. இன்னொன்று, மதுரையில் ஒரு நூலக மாடியில் மாதந்தோறும் நடக்கும் கூட்டம். அன்றைக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கணவரை இழந்த ஒரு பெண், “35 வருஷம் கூட வாழ்ந்தவரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ முகம்கூடப் பார்க்கவில்லையே அம்மா” என்று சொல்ல, இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். மகனைத் தற்கொலையில் இழந்த ஒருவர் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்து, “அடுத்த மாதம் வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள்” என்றாராம்.

இவர் கேட்பது மூன்று கேள்விகள். அந்தக் கூட்டத்தில் உட்கார எனக்குத் தகுதி உண்டா? என்னைப் போன்ற தாய்மார்களை மட்டும்தான் தேட வேண்டுமா? ஏழு மாதமாகியும் ‘ஏற்றுக்கொள்ளும் கட்டம்’ வரவில்லையே, எனக்கு ஏதாவது கோளாறா?

அன்புச் சகோதரி,

முதலில், உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் ஒற்றை வரியாக வந்துபோகும் ஒன்றைப் பற்றிப் பேசிவிடுகிறேன். “சில ராத்திரிகளில் நானும் அவளோடு போயிருக்கலாம் என்று தோன்றும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலரும் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஏக்கம்; அவள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் அந்த நினைப்பு ‘எப்படி’, ‘எப்போது’ என்ற யோசனையாக மாறினால் என் பதிலுக்கோ அடுத்த கூட்டத்துக்கோ காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும் தொலைபேசியில் பேசலாம். இதை உங்கள் கணவரிடமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அவர் பதறுவார், பதறட்டும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டு

மதுரையில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் மீது இல்லை, கூட்டத்தை நடத்தியவர் மீது. ஒருவருடைய துக்கத்தை இன்னொருவர் எடைபோட ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் நடத்துபவரின் முதல் வேலை. அவர் நிறுத்தவில்லை. இதை நான் உத்தமியாக நின்று சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய முதல் கூட்டத்தில், ‘ஒவ்வொருவரும் யாரை, எப்படி இழந்தோம் என்று சொல்லுவோம்’ என்று வட்டமாகச் சுற்றவிட்டேன். ஐந்தாவது ஆள் வருவதற்குள் அது ஏலம்போல ஆகிவிட்டது. கடைசியில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், தன் பாட்டி இறந்ததைச் சொல்லவே கூச்சப்பட்டு, ‘நான் சும்மாதான் வந்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை வளர்த்ததே அந்தப் பாட்டிதான் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து முதல் சுற்றில் இறந்தவரின் பெயரை மட்டும் சொல்லச் சொல்கிறேன். உறவு, காரணம், வயது எல்லாம் அவரவர் விரும்பினால், விரும்பும்போது.

அந்த அம்மாளிடம் 35 வருடக் கதை இருக்கிறது. அவர் வாய்திறந்தால் சொல்வதற்கு நூறு சம்பவங்கள் உண்டு. உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் உங்கள் இழப்பே. அவள் எப்படிச் சிரிப்பாள், யாருடைய மூக்கு, எதற்கு அடம்பிடிப்பாள், எதுவும் தெரியாது. நினைத்துப் பார்க்க நினைவே இல்லாத துக்கத்தை அதனால் சிறியது என்று சொல்லிவிட முடியுமா?

ஊர் அங்கீகரிக்காத இந்த மாதிரித் துக்கத்துக்கு 1989-லேயே கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் தனியாகப் பெயர் வைத்து எழுதினார். காரியம் கிடையாது, விடுப்பு கிடையாது, விசாரிக்க வருபவர் கிடையாது. துக்கம் மட்டும் உண்டு. கருவில் இறந்த குழந்தை, விவாகரத்தான கணவரின் மரணம், வெளியில் சொல்ல முடியாத உறவு, தற்கொலை, இவையெல்லாம் அந்த வரிசையில் வரும். நம் பழைய மரபு இதில் இப்போதைய நம்மைவிடப் பரவாயில்லை என்றுகூடத் தோன்றும். இறந்து பிறந்த குழவியையும், உருப்பெறாத தசைப்பிண்டத்தையும்கூட ‘ஆள் அல்ல’ என்று ஒதுக்காமல் வாளால் கீறிய வழக்கத்தைப் புறநானூற்றின் 74-ஆம் பாடல் சொல்கிறது. மறக்குடி, அதாவது போர்வீரர் குடி, அதன் பெருமைக்காகச் செய்த சடங்கு அது, தாயின் துக்கத்துக்காகச் செய்ததாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்கள் கணக்கில் அது ஓர் ஆள்.

ஒரே மாதிரி இழப்புதான் வேண்டுமா?

இங்கேதான் நீங்கள் சற்று அவசரப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘இனி என்னைப்போல் குழந்தையை இழந்தவர்களோடு மட்டும்தான் பேசுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி.

சில விஷயங்கள் அதே பாதையில் வந்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை அழும்போது மார்பு சுரந்து சேலை நனைவதை யாருக்கு விளக்க முடியும்? அடுத்த கர்ப்பத்தின் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எப்படிப் போவது? ‘எத்தனை குழந்தைகள்?’ என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? இதற்கெல்லாம் அந்த வாட்ஸ்அப் குழு நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது விழித்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் கண்விழித்ததும் புதிதாக ஒரு மரணம், புதிதாக ஒரு படம். மாலையில் அதே குழுவில் ஒருவருக்கு ஆரோக்கியமாகக் குழந்தை பிறந்த செய்தி. இரண்டையும் ஒரே நாளில் தாங்க எல்லோராலும் முடியாது. அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டு, நீங்கள் விரும்பும் நேரத்தில் மட்டும் திறந்து பாருங்கள். அங்கே வரும் மருத்துவ யோசனைகளை, குறிப்பாக அடுத்த கர்ப்பத்துக்கான மாத்திரைகளை, உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மீதிப் பாதி? இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மருத்துவமனையில் 1968-ல் இரண்டு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஒருவனுக்குச் சாலை விபத்து, மற்றவனுக்குப் புற்றுநோய். இரு பெற்றோரையும் அங்கிருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் சந்திக்க வைத்தார். தன்னால் தர முடியாத எதையோ அவர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொள்வதை அவர் கவனித்தார். அதிலிருந்து 1969-ல் உருவானதுதான் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான ‘கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’ அமைப்பு. இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒரு வீட்டில் நொடியில் முடிந்துபோனது, மற்ற வீட்டில் நோயோடு போராடி முடிந்தது. தொடக்கத்திலேயே இரண்டு வேறு இழப்புகள்தான்.

கோவென்ட்ரி வரை போவானேன்? நம் ஊர் இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் கிடத்தியிருப்பது ஒருவரைத்தான். ஆனால் அந்த வட்டத்தில் ஒருத்தி போன வருடம் போன தம்பியை அழுவாள், இன்னொருத்தி முப்பது வருடத்துக்கு முன் போன தாயை அழுவாள். ‘நீ யாருக்காக அழுகிறாய்?’ என்று எவரும் கேட்பதில்லை. அவள் அடி முடித்ததும் இவள் தன் அடியை எடுக்கிறாள், அவ்வளவுதான். நம் பாட்டிமார்கள் நடத்திய துக்கக் குழு அது. உங்கள் மகளுக்கு அந்த வட்டம் கூடவில்லை. அதனால்தான் மதுரை நூலக மாடி வரை போயிருக்கிறீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் படிக்கட்டு மனிதருக்கு வருகிறேன். உங்களுக்கும் அவருக்கும் என்ன பொருத்தம் என்று தோன்றலாம். அவர் மகன் இருபது வயதைத் தாண்டியவன், உங்கள் மகள் மூச்சே விடாதவள். ஆனால் உங்களிடம் ஊர் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: ‘அசைவு குறைந்தது தெரியவில்லையா?’ அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள்? ‘பையனிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லையா?’ அந்த ஒன்பது பேரில், துக்கத்தோடு சேர்த்துக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றப்பட்டவர்கள் நீங்கள் இருவர்தான். அவர் உங்கள் பின்னால் எழுந்து வந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். இறந்தவர் யார் என்பதைக் கொண்டே துணை தேடுகிறோம். எங்கே வலிக்கிறது என்பதைக் கொண்டும் தேடிப் பார்க்கலாம். உடம்பின் வேதனைக்கு அந்தத் தாய்மார்கள். குற்ற உணர்ச்சிக்கு இந்த மனிதர். ‘வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இல்லை’ என்ற தவிப்புக்கு, ஒருவேளை, உங்களைப் புண்படுத்திய அதே அம்மாள்கூடத் துணையாகலாம். கணவர் போனபின் ஒரு பெண்ணின் இடம் வீட்டிலும் விசேஷங்களிலும் எப்படிச் சுருங்குகிறது என்பதை அவரைவிட யார் அறிவார்? அதற்கு அவசரமில்லை. முதலில் அவர் அந்த ஒப்பிடுதலை விடவேண்டும்.

மறுபடி போவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். இனி ஒப்பிட்டுப் பேசினால் இடைமறிப்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம். பேசாமல் வெறுமனே உட்கார்ந்திருக்க அனுமதி உண்டா, அங்கே பேசியது வெளியே போகாதா, யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் அவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது என்று பொருள். துக்கத்தைக் காட்டி ஜோதிடப் பரிகாரமோ, மருந்தோ, மதமோ விற்கும் இடமாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று முறை போய்ப் பாருங்கள். திரும்பி வந்த ராத்திரி மனம் கனப்பது இயல்பு. நான்கைந்து நாளாகியும் முன்பைவிட மோசமாக இருந்தால் அந்த இடம் உங்களுக்கு இப்போதைக்கு ஒத்துவரவில்லை.

‘ஐந்து கட்டம்’ என்ற கணக்கு

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று எங்கோ படித்துவிட்டு, நான்காவதிலேயே நின்றுவிட்டேனே என்கிறீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் இதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. பின்னாளில் அது உயிரோடு இருப்பவர்களின் துக்கத்துக்கும் ஏணிப்படிபோல ஆக்கப்பட்டுவிட்டது. துக்கம் படியேறிப் போவதில்லை. 1999-ல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எனக்கு அனுபவத்தோடு அதிகம் பொருந்துகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் மாறிமாறிப் போய்வருகிறார்: ஒரு பொழுது இழப்பின் பக்கம், ஒரு பொழுது அன்றாட வேலையின் பக்கம். சம்பளப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் பத்து நிமிடம் கழித்துக் கழிப்பறையில் நின்று அழுவது அந்தப் போக்குவரத்துதான்.

ஏழு மாதம் என்பது நோய் என்று முத்திரை குத்தும் கணக்கும் அல்ல. நீடித்த துக்கத்தை ஒரு மனநலப் பாதிப்பாக இப்போது மருத்துவம் ஏற்றிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அமெரிக்கப் பட்டியல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல் முடங்கிப் போகிறோமா என்று பார்க்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: குழந்தை கையில் இல்லாவிட்டாலும் உங்கள் உடம்பு பிரசவித்த உடம்பு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு உங்களுக்கும் வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. கூட்டமோ குழுவோ அதற்கு ஈடாகாது. ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அலுவலகத்தில் நடந்தது தவறு

நீங்கள் கேட்காத ஒன்று இது. ‘கருக்கலைந்தால் ஆறு வாரம்தான்’ என்று சொல்லி ஆறு வாரத்தில் வேலைக்கு வரவழைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இதே தவறை நான்கைந்து முறை கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஆறு வாரம் 26 வாரத்துக்குள் கரு கலைவதற்கானது. 36 வாரத்தில் நடந்தது பிரசவம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் (2025 நவம்பர் முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது) ‘குழந்தை’ என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடக்கம். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் செய்கிறார்கள் என்றால், அங்கும் 26 வாரத்துக்குப் பிந்தைய பிரசவத்தில் குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்ற வேறுபாடு கிடையாது. கைவிட்டுப் போன சம்பளத்தைக் கேட்க வழியுண்டா என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, நடந்தது பிரசவம்தான், நீங்கள் பெற்றது குழந்தைதான் என்று சட்டம் சொல்வதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இறந்து பிறந்ததைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவும் செய்ய வேண்டும். செய்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

வீட்டுக்குள்

கணவர் அழாததை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்றுமில்லாதவர் அந்தப் படத்தை ஏழு மாதம் போனில் மறைத்து வைத்திருக்க மாட்டார். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்திருக்கலாம். புதைத்த இடம் தெரிந்த நான்கு பேரில் அவரும் ஒருவர் என்றால், நேரங்கழித்து வரும் மாலைகளில் எங்கே போகிறார் என்று கேட்டுப் பாருங்கள், சந்தேகத் தொனி இல்லாமல். படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நாள் கடந்தாலும் தவறில்லை. அழித்துவிட வேண்டாம், இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். பார்ப்பதானால் ராத்திரியில் தனியாக வேண்டாம். பகலில், இருவரும் சேர்ந்து.

மாமியாரோடு சேர்ந்து அழுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் கணவரையும் பேத்தியையும் நான்கு மாத இடைவெளியில் கொடுத்தவர். ஒரே வெள்ளத்தில் தத்தளிக்கும் இருவரில் யார் யாரைத் தூக்கிவிட முடியும்? ஆனால் அந்த மல்லிகைப்பூவிடம் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பால் கட்டினால் பூ வைத்துக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. மூன்று இரவும் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்திருக்கிறார். நான் எதையும் ஊகிக்கவில்லை. என்றாவது அவரும் நீங்களும் தனியாக இருக்கும் ஒரு மத்தியானத்தில், “அத்தை, இந்த வைத்தியம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். ‘என் அம்மா சொன்னார்’ என்று முடிந்தாலும் முடியலாம்.

உங்கள் மகளுக்கு வைக்க நினைத்திருந்த பெயரைக் கடிதத்தில் எழுதிவிட்டு அடித்திருந்தீர்கள். அடித்தும் படிக்க முடிந்தது. இங்கே அச்சிட மாட்டேன். கூட்டத்தில் கேட்டால் அடிக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போவதாக இருந்தால் மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். கொஞ்சம் முன்னதாகப் போனால் அந்தப் பெரியவருக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்கும். திரும்பும்போது கணவரைப் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். என்ன பேசினீர்கள் என்று வழியில் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.